எலும்புக்குள் ஒரு வழி

தராசில் ஏறுவதற்கு முன்பே ஆட்டின் பின்னங்காலை ஜெயப்பிரியா கையில் எடுத்துவிடுவாள். கட்டைவிரல் முட்டிக்குக் கீழே இறங்கி, தட்டையான இடத்தைத் தேடி நிற்கும்.

“எலும்ப வெட்டாத குடு, அண்ணாத்த.”

“சூப்பு வெக்கவா, ஆப்ரேசன் பண்ணவா சிஸ்டரு?” என்பார் கேளம்பாக்கத்துக் கறிக்கடை முனிசாமி.

“ரெண்டுக்குந்தான்.”

கடற்கரைச் சாலையில் ஒரு மருத்துவமனை. அதன் அவசரப் பிரிவில் அவள் பதினோரு வருடமாக நர்ஸ். நரம்பு சிக்காதவர்களுக்கு எலும்பு மஜ்ஜை வழியாக மருந்து ஏற்ற வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை மறந்துவிடக் கூடாதென்று ஞாயிறுதோறும் தேதி முடிந்துபோன, உறை பிரிக்காத ஊசியால் ஆட்டெலும்பைத் துளைத்துப் பார்க்கிறாள். பிறகு அது குழம்புக்குப் போகும். “ஓட்ட போட்டது மஜ்ஜைய உறியறதுக்கு வசதியாத்தான் கீது” என்பான் கணவன் துரை. ஷேர் ஆட்டோவில் அவள் பார்வை எதிரே இருப்பவரின் முழங்காலுக்குப் போகும். அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்வார்.

போன சித்திரையில் சதுரங்கப்பட்டினத்தைச் சேர்ந்த வேண்டா என்ற பெண் தன் இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு நாளாக வாந்தி, பேதி. குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன, கூப்பிட்டால் திரும்பவில்லை. எந்தக் கையிலும் நரம்பு சிக்கவில்லை.

“எலும்புலயே போட்டுடுங்க சிஸ்டர்” என்றார் டாக்டர்.

ஊசியைக் கண்டதும் வேண்டா மகளின் காலைக் கட்டிக்கொண்டாள். “எலும்புல ஓட்ட போட்டா நொண்டியாய்டுவா சிஸ்டரு! பொட்டப் புள்ள!”

“காலு கதைய அப்பால பாப்போம். புள்ள வோணுமா, வேணாமா?”

பிடி தளர்ந்தது. ஆனால் தாங்கிப் பிடிப்பதாக நினைத்து ஒரு கையைக் கெண்டைக்காலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள். ஊசி மறுபுறம் வந்தால் அந்தக் கையில்தான் ஏறும். ஜெயப்பிரியா பட்டென்று அதைத் தட்டிவிட்டு, துண்டைச் சுருட்டி வைத்தாள். ஊசியைத் திருகினாள். முரண்டு பிடித்த எலும்பு சட்டென்று வழிவிட்டதும் நிறுத்தினாள். குளுக்கோஸ் இறங்கியது. கால் மணி நேரத்தில் குழந்தை முனகியது, பிறகு வீறிட்டது.

குழந்தையின் அழுகை அடங்கியும் வேண்டாவின் கண் மட்டும் அந்தக் காலைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள், ஊசி எடுத்த இடத்தில் போட்டிருந்த கட்டைப் பிரிக்கக் குனிந்த ஜெயப்பிரியாவின் தாடையில் அதே கால் ஓங்கி ஓர் உதை விட்டது.

“ஐயோ, சிஸ்டரு!” என்று பதறினாள் வேண்டா.

ஜெயப்பிரியா தாடையைத் தடவவில்லை. “எங்க, இன்னொரு தபா!” என்று உள்ளங்கையை விரித்து, அந்தப் பாதத்துக்கு நேரே நீட்டினாள்.