ஓரெழுத்து போதும் என்ற ஜெசிந்தா

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. மரக்காணத்திலிருந்து ஜெசிந்தாவின் அண்ணன் பவுல். "சார், தங்கச்சி போயிடுச்சு சார்" என்றார். மஞ்சள் காமாலை என்று லீவு போட்டுப் போனவர் ஜெசிந்தா. அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று அவருடைய நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தேன். என்ன அநியாயம் இது!

இரண்டாயிரத்து நான்கில், புதுச்சேரியில் எங்கள் குழுவில் சேர்ந்தார். அப்பா அந்தோணிசாமி உப்பளத் தொழிலாளி. வெயிலில் மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கி வேலையை விட்டவர். வீடே ஜெசிந்தாவின் வேலையை நம்பியிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல கம்ப்யூட்டர்களில் பரவிக் கிடக்கும் கோப்புகளில் எது எங்கே இருக்கிறது என்பதை ஒரு சர்வர் தன் மெமரியில் வைத்திருக்கும். மெட்டாடேட்டா சர்வர் என்று பெயர். எங்களுடையது, கோப்புகள் பெருகினால் மெமரி போதாமல் படுத்துவிடும். இன்னொரு முறை படுத்தால் குழுவையே கலைத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. "மெமரி வாங்கிப் போடுங்கய்யா!" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஜெசிந்தா திரையைப் பார்த்துச் சிரித்தார். "சார், ஒவ்வொரு ஃபைலும் தான் இருக்கிற ஃபோல்டர், அதுக்கு மேல ஃபோல்டர்னு அப்பன், பாட்டன், முப்பாட்டன் பேரெல்லாம் முழுசா சுமந்துக்கினு நிக்குது. நாம அப்படியா பேர் எழுதறோம்? அப்பாவுக்கு ஓரெழுத்து இனிஷியல் போதாதா?"

"சொல்றது சுலபம்மா" என்று கடுகடுத்தேன்.

செய்தே காட்டினார். ஃபோல்டரின் பெயர் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு கோப்பும் தன் பெயரையும், அப்பா யார் என்று காட்டும் சின்ன எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டது. முதல் சோதனையில் கூத்தாகிவிட்டது. எண்ணை மிகவும் சுருக்கியதில், இரண்டு ஃபோல்டர்களுக்கு ஒரே எண் விழுந்துவிட்டது.

"ஐயையோ சார், புள்ளைங்கல்லாம் வேற அப்பன் வூட்ல பூந்துடுச்சுங்க!" என்று தலையில் கை வைத்தார். "எங்க தெருவுலயே அ. மேரி மூணு பேரு. அத மறந்துட்டேன் பாருங்க."

ஒவ்வோர் அப்பாவுக்கும் தனித்தனி எண் கொடுத்தார். அடுத்த சோதனையில் சர்வர் கடைசிவரை நின்றது, மெமரியும் தாராளமாக மிச்சம் இருந்தது. எங்கள் குழு பிழைத்தது. கத்தியதற்காக எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், கத்தலைன்னா அது நீங்க இல்ல" என்றார்.

மறு வருஷம் அந்தோணிசாமி இறந்துபோனார். லீவு முடிந்து வந்த ஜெசிந்தா, "அவரு இனிமே எங்கூட வர்றது அந்த ஓரெழுத்துலதான் சார்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

புதன்கிழமை, கோயில் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவை ஒட்டியே அவருக்கும் இடம் கொடுத்தார்கள். எல்லாரும் கலைந்த பிறகு பவுல் சிலுவைப் பலகையில் 'அ. ஜெசிந்தா' என்று பெயின்டால் எழுதினார். பலகையில் இன்னும் இடம் இருந்தது.

"அப்பா பேர முழுசா எழுதிடட்டுமா சார்?"

"வேணாம் பவுல்" என்றேன். "அப்பா பக்கத்துலதான இருக்காரு. ஓரெழுத்து போதும்."

போய் வாருங்கள், அ. ஜெசிந்தா.