கேப்டன் என்ன தின்றது?

மாட்டாஸ்பத்திரி நோயாளிகள் பொய் சொல்வதில்லை. கூட வருகிறவர்கள்தான் சொல்வார்கள். ஐம்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த முதல் வருஷமே அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாயுடுபுரத்தில் போர்டிங் ஹவுஸ் நடத்திய மேடம் ஆள் அனுப்ப, டாக்டரும் நானும் போனோம். அவருடைய நாய் கேப்டன் வயிற்றை எக்கிக்கொண்டு முனகியது.

"என்ன தின்னுச்சு?" என்றார் டாக்டர்.

"அவன் டயட் ரொம்ப ஸ்ட்ரிக்ட், டாக்டர்" என்றார் மேடம். வீடே அதைத்தான் சொன்னது.

கேக்கைக் காப்பாற்ற, சமையல்காரர் அந்தோணி ஸ்டோர் ரூமில் எலிப் பாஷாணம் வைத்த கதை அப்போது வெளியே வந்தது.

"அந்தோணி, பெட்டியக் கட்டு! என் நாயக் கொன்னுட்ட!"

"வச்ச உருண்டை வச்ச எடத்துலயே கெடக்குங்கம்மா. ரூமும் பூட்டித்தான் கெடக்கு."

யாரும் காதில் வாங்கவில்லை. நாலு பெண்பிள்ளைகளைப் பெற்ற மனுஷன். அந்த அடுப்படியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

"வெரசா வாந்தி எடுக்க வைக்கணும். சலவைச் சோடாவ எடும்" என்றார் டாக்டர் என்னிடம்.

எடுத்தேன். ஆனால் அவரிடம் நீட்டவில்லை.

விஷயம் இதுதான். முந்தின நாள், கேப்டனின் சொறிக்கு மருந்து போட நான் வந்திருந்தேன். அந்தோணி என்னைப் பின்வராந்தாவில் உட்காரவைத்து, தட்டில் இரண்டு கோழிக்கால் ரோஸ்ட் வைத்துவிட்டு உள்ளே போனார். நானோ பழனிக்காரன், தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தேன். குளிருக்கு மாட்டியிருந்த ஸ்வெட்டரிலும் மப்ளரிலும் அது மறைந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். மேசைக்கடியில் கேப்டன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. முருகனுக்கும் குறையில்லை, அந்தோணிக்கும் வருத்தமில்லை என்று இரண்டு கால்களையும் கீழே தள்ளிவிட்டேன்.

"எலும்பக்கூட விடலியேங்க!" என்று அந்தோணி பூரித்துப்போனார்.

எலும்பு தின்ற நாயை வாந்தி எடுக்க வைத்தால், சில்லு தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும். டாக்டர் நாயின் வாயைப் பிளந்துவிட்டார். அந்தோணி மூலையில் அழுதுகொண்டிருந்தார். என் வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நிறுத்துங்க சார். கோழி எலும்பு. நான்தான் போட்டேன்."

"நீரெல்லாம் கம்பவுண்டராய்யா?" என்றார் டாக்டர்.

சோடா மருந்துப் பெட்டிக்குள் திரும்பிப் போனது. எலும்பைப் பொதிந்து வெளியே தள்ளட்டும் என்று ரொட்டியும் குழைந்த சோறும் கொடுத்தோம். தினமும் வெள்ளனே வந்து, கேப்டன் போனதைக் குச்சியால் கிளறிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது எனக்குத் தண்டனை. கழுத்தில் மாலையோடு மூன்று நாள் அந்தத் திருப்பணியைச் செய்தேன். மூன்றாம் நாள் கடைசிச் சில்லும் வந்தது. நாய் பிழைத்தது.

மேடம் அந்தோணியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டியை அவிழ்க்கச் சொன்னார், அவ்வளவுதான். நான் கேட்டேன்.

"மாலை போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தயிர்ச்சோறு போட்டிருப்பேன்லங்க? மாலைக்கு மரியாதை தெரியாத ஆளுன்னா என்னைய நெனச்சீங்க?" என்றார் அந்தோணி. டாக்டர் திட்டியதைவிட அதுதான் வலித்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, பண்டிகைக் காலத்தில் பாஷாணத்தைப் பூட்டிவைக்கச் சொல்லலாம். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படுகிற விருந்தாளியைப் பூட்டிவைக்க முடியாது. நாயை அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கட்டச் சொல்லுங்கள்.