காதர் பாயின் கம்பளிக் கோட்டு

என் சட்டை ஒன்று வங்காளத்துக்குப் போகவிருந்தது. அதில் இரண்டு பட்டன் இல்லை; இருக்கிற பட்டனும் என் தொப்பையைத் தாண்டி வர மறுக்கிறது. கொடுத்துவிட்டால் எனக்குப் புண்ணியம், அலமாரிக்கு இடம்!

போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த வங்காள அகதிகளுக்காகத் துணி சேகரித்தோம் – நானும் ஒதியம்பட்டு கோவிந்தசாமியும். அவர் நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவர். மாட்டு வண்டி அவருடையது, வாயும் அவருடையது. மத்தியானத்துக்குள் வண்டி நிறைந்துவிட்டது. முழங்கால் கிழிந்த கால்சட்டை, கரை போன சேலை, ஒரு வீட்டில் பாதிக் கொசுவலை... ஊரே அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

கடைசியாகக் காதர் பாயின் மளிகைக் கடை. பாய் ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அவர்களை 'சொல்தா' என்போம். பட்டாளத்தில் பனிக்காலத்துக்குக் கொடுத்த கம்பளிக் கோட்டை இன்னும் வைத்திருக்கிறார். அவருக்கு இளைப்பு நோய். கார்த்திகை பிறந்தால் விடியற்காலைத் தொழுகைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போவார். "கரடி வருது" என்று ஊர் கேலி செய்யும். போன வருஷம் ஒரு நாள் போடாமல் போய், பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இது ரம்ஜான் மாதம். நோன்பில் வறண்ட உதட்டோடு பாய் கேட்டார்: "சார், அங்க இப்ப குளுரா?"

"ஆரம்பிச்சிடுச்சாம் பாய். டென்ட்ல புள்ளைங்களோட கெடக்கறாங்களாம்."

வண்டியை எட்டிப் பார்த்தார். கம்பளி என்று ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் யாரிடம் இருக்கிறது? உள்ளே போனவர் கோட்டோடு வந்தார்.

கோவிந்தசாமி பதறிவிட்டார். "இன்னா பாய், பைத்தியமா உனுக்கு? பழைய கைலி ரெண்டு குடு, போதும்."

"வூட்ல வேணாம்னு கெடக்கறத குடுத்தா அது தர்மம் இல்லப்பா, வூடு கூட்றது. நமக்குப் பிரியமானதத்தான் குடுக்கணும்னு மார்க்கத்துல இருக்குது. குளுருன்னா இன்னான்னு எனக்குத் தெரியும். இத்த உள்ள வெச்சிகினு நான் எப்டி நோன்பு தொறக்கறது?"

"ஏன், இங்க ஏழையே இல்லியா?"

"இருக்கான். கடைக்கு வந்து கேக்கறான், குடுக்கறேன். அவன் அங்கேர்ந்து எப்டிப்பா வந்து கேப்பான்?"

கோவிந்தசாமி மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டார்.

உள்ளேயிருந்து பாயின் மனைவி கேட்டார்: "மார்கழிக்கு இன்னா பண்ணுவீங்க? மறுபடியும் ஆஸ்பத்திரியா?" குரலில் அழுகை இருந்தது. "போர்வை இருக்குது" என்று சொல்லிவிட்டு, பாய் கோட்டைத் தானே மடித்து வண்டியில் வைத்தார்.

தெருமுனைகூடத் தாண்டவில்லை. "நிறுத்துங்க!" என்று பின்னாலிருந்து குரல். பாயின் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கேட்பதற்கு முன்பே கோட்டை எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார்.

"மேல் பட்டன் லூசா இருக்குது சார். காத்து நேரா நெஞ்சுலதான் பூரும்."

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தபடியே தைத்தார். இழுத்துப் பார்த்தார். போதாது என்று இன்னும் நாலு சுற்று... பிறகு கோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். மூட்டைக்குள் கையை விட்டு என் சட்டையைத் தேடி எடுத்தேன். அதற்குப் பதிலாக, தீபாவளிக்குத் தைத்த நீலச் சட்டையை வைத்தேன். ஒரே தடவை போட்டது. கையை விட்டு அது லேசில் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கோவிந்தசாமி தோளிலிருந்த புதுத் துண்டை உருவி அதன்மேல் போட்டார்.

இந்த மார்கழியில் பாய்க்கு என்ன ஆகும்? தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அவர் பயப்படவில்லை.

பட்டன் இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காற்று நேராக நெஞ்சில் புகுகிறது... புகட்டும்!