சபைக் கட்டில்

எங்கள் வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது அந்தக் கட்டில் வாசலில் சிக்கிக்கொண்டது. வந்தபோது கால்களைக் கழற்றி, பக்குவமாக உள்ளே கொண்டுவந்து பூட்டினார்கள். போகும்போது அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. தலைமாட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் கால்மாட்டில் சுழற்றும் கைப்பிடி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் அது. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், நிலைப்படியைத் தாண்டவில்லை. சபைச் சகோதரர்கள் இருவர் வெளியே நின்று இழுத்தார்கள். ஒருவர் உள்ளேயிருந்து தள்ளினார். கட்டிலுக்கு இந்தப் பக்கம், தரையில் விரித்த மெத்தையில், என் அப்பா படுத்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவரை அதிலிருந்து இறக்கியிருந்தார்கள். கட்டில் வாசலை அடைத்துக்கொண்டதால் யாராலும் உள்ளே வரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. படியருகே நின்றிருந்த சபைத் தலைவர், "மெதுவா பிரதர், பெயிண்ட் போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று எங்கள் வீட்டில் அவர் கவலைப்பட்டது அந்தப் பெயிண்டுக்காக மட்டும்தான்.

நாங்கள் கோர்படியில், ரயில்வே காலனியை ஒட்டிய வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். தாத்தா காலத்தில் வந்து சேர்ந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, கடைக்குப் போனால் மராத்தி. பங்குக் கோவிலில் ஞாயிறன்று ஒரு பூசை தமிழில் நடக்கும். அதற்கு வருகிற ஆண்கள் சிலர் சேர்ந்து நடத்தியதுதான் சபை. ஒரு புனிதரின் பெயரில் நீளமான பெயர் அதற்கு உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. சபை என்றால் போதும். நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, இல்லாதவர்களுக்கு அரிசி பருப்பு கொண்டுபோவது, ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவது, பங்கில் யார் இறந்தாலும் தோளில் நீலப் பட்டை அணிந்து சவப்பெட்டியைத் தூக்குவது எல்லாம் சபையின் வேலை. ஒருவரையொருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்பா அதில் பல வருடங்களாக உறுப்பினர். நல்ல உயரம். அதனால் சவப்பெட்டிக்கு எப்போதும் முன்பக்கம்தான் நிற்பார். ஞாயிறு பூசை முடிந்து அவர் நேராக வீட்டுக்கு வந்ததே இல்லை. யாராவது ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, பசியோடு மத்தியானம்தான் வருவார். அம்மா முணுமுணுப்பாள். "அவங்களுக்கு யாருமில்ல, நமக்கு நாம இருக்கோம்ல" என்பார்.

தலைவர் ராணுவ அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் மடித்த கைக்குட்டை. எந்த ஏழை வீட்டுக்குப் போனாலும் அந்தக் கைக்குட்டையை விரித்துத்தான் நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்ததும் கண் அலமாரி மேல் போகும். டிவி இருக்கிறதா, மிக்ஸி இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து வந்தது? "தர்மம் வேற, ஒழுங்கு வேற. ஒழுங்கில்லாத தர்மம் ஊருக்குக் கேடு" என்பது அவர் வாயிலிருந்து அடிக்கடி விழும் வாசகம். புருஷனை விட்டு இன்னொருவரோடு குடியிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு அரிசியை நிறுத்தியபோதும் இதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்காக அப்பா கூட்டத்தில் எழுந்து பேசினாராம். தலைவர் சிரித்தாராம். அவர் சிரிப்பில் பல்லே தெரியாது. அவர் நல்லது செய்ததே இல்லையா என்று கேட்டால், செய்திருக்கிறார். பலருக்கு ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், சிலருக்கு வேலையும். ஆனால் வாங்கியவர்கள் எல்லோரும் அதன் பிறகு அவர் எதிரில் சற்றுக் குனிந்தே நடந்தார்கள். அந்தக் குனிவு இல்லாமல் அவரால் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்க முடியவில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ரஞ்சன்காவில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில், அடுக்கி வைத்திருந்த இரும்புத் தகடுகள் சரிந்து அவர் முதுகில் விழுந்தன. உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, தலைமாடு உயர்த்துகிற கட்டில் இல்லாவிட்டால் முதுகுப் புண் வைத்துவிடும் என்று நர்ஸ் எச்சரித்தாள். சபையிடம் அப்படி ஒரு கட்டில் இருந்தது. தேவைப்படுகிற வீட்டுக்கு மாறி மாறிப் போகும். அது எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தலைவர் ஜெபம் சொன்னார், படம் எடுத்துக்கொண்டார்கள், அம்மா அழுதாள். உண்மையிலேயே அது எங்களைக் காப்பாற்றியது. கைப்பிடியைச் சுழற்றினால் அப்பா எழுந்து உட்காருவார். சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுவார். ஜன்னல் வழியாக ரயில் தெரியும். எந்த வண்டி, எத்தனை நேரம் தாமதம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். முகத்தில் பழைய அப்பா கொஞ்சம் திரும்பி வந்திருந்தார்.

ஒரு வீட்டில் மூன்று மாதத்துக்கு மேல் கட்டில் இருக்கக் கூடாது என்று சபையில் ஒரு விதி உண்டாம். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது, அப்பாவைத் தவிர. ஒரு சனிக்கிழமை முற்பகல் தலைவர் மூன்று பேரோடு வந்தார். வாசலில் டெம்போ நின்றது. அந்த முறை அவர் உட்காரவில்லை; கைக்குட்டைக்கு வேலை இருக்கவில்லை.

"பிரதர், டைம் முடிஞ்சிருச்சு. இன்னொரு பேஷண்ட் காத்துட்டிருக்காங்க" என்றார்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "முதுகுல இப்பத்தான் புண்ணு ஆறுது. ஒரு மாசம் பொறுங்க, வேற கட்டில் பாத்துக்கறோம்" என்றாள்.

"இப்படி எல்லாரும் சொன்னா சபை எப்படிம்மா நடத்தறது? உங்க வீட்டுக்காரரே அந்த ரூலுக்குக் கை தூக்கினவர்தானே. கேளுங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா, "ஆமா, ரூல்தான். எடுத்துக்கட்டும் விடு" என்றார். மெல்லிய குரல். யாரோ தெரியாத ஒருவரிடம் வழி சொல்வதுபோல இருந்தது. எனக்கு அந்த நிமிடத்தில் தலைவர் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் பெரிது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக்கூடாதா என்று நினைத்தேன். அவரோடு சேர்ந்து எத்தனையோ சவப்பெட்டி சுமந்த மூன்று பேர் அவரை அக்குளிலும் முழங்காலிலும் பிடித்துத் தரையில் இறக்கினார்கள். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மராத்திக்காரக் காகு (சித்தி முறைக்கு மராத்தியில் அப்படித்தான் கூப்பிடுவோம்), சத்தம் கேட்டு ஓடி வந்தவள், வாசலை அடைத்திருந்த கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே உள்ளே பார்த்துவிட்டு, "அரே தேவா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வழியாகக் கட்டில் வெளியே போய்ச் சேர்ந்தது. நிலையில் சிராய்த்து மரம் கிளம்பியிருந்தது.

அந்தக் 'காத்திருந்த பேஷண்ட்' யார் என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. டெம்போ ஓட்டிய அண்ணனும் சபைக்காரர்தான். ஆனால் மனது கேட்காமல், ஒரு பை ஆரஞ்சோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு அம்மாவிடம், "தலைவரோட சம்பந்திக்குத்தான், அக்கா. இடுப்பு ஆபரேஷன். வீட்டுல ஏசி, வேலையாளு எல்லாம் இருக்கு. வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவங்க இல்ல" என்றார். அந்த வீட்டில் கட்டில் மூன்று மாதத்தையும் தாண்டி இருந்தது. அங்கே விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

காகு தன் வீட்டு இரும்புக் கட்டிலைக் கொடுத்தாள். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். ஆனால் அது சாய்ந்தே இருக்குமே தவிர, உட்காரவும் படுக்கவும் மாறாது. அப்பா சரிந்து சரிந்து கீழே வந்துவிடுவார். அம்மாவும் நானும் மாறி மாறி அவரைத் தூக்கி மேலே இழுப்போம். இழுக்க இழுக்கத் தோல் உரிந்தது. ஆறிக்கொண்டிருந்த புண் திறந்துகொண்டு, அதில் சீழ் வைத்தது. அந்த வாசனையை மறைக்க அம்மா ஊதுவத்தி கொளுத்தி வைப்பாள். இன்றும் எனக்கு ஊதுவத்தி வாசனை ஆகாது. மழைக்காலம் முடிவதற்குள் அப்பா இறந்துபோனார். புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். கட்டில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அவர் என்ன சொல்லியிருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அடக்கத்தன்று சபை வந்தது. எல்லோரும் நீலப் பட்டை அணிந்திருந்தார்கள். உறுப்பினர் இறந்தால் சபைதான் தூக்க வேண்டும், வழக்கம். தலைவர் முன்னால் நின்று, யார் எந்தப் பக்கம் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"நீங்க யாரும் தூக்க வேணாம்" என்றாள்.

தலைவர் மற்றவர்களைப் பார்த்து, "துக்கத்துல பேசறாங்க" என்றார். தமிழ்ப் பூசைக்கு வருகிற சாமியார் அம்மாவின் அருகே வந்து, தாழ்ந்த குரலில், "மன்னிக்கறதுதானேம்மா நம்ம வழி" என்றார்.

"மன்னிச்சிட்டேன் சாமி. ஆனா தூக்க வேணாம்."

சாமியார் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். காகுவின் மகன் முதலில் வந்து பெட்டியைப் பிடித்தான். பிறகு ரஞ்சன்காவிலிருந்து வந்திருந்த அப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. கோவிலுக்குள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூடத் தெரியாதவர்கள். டெம்போ அண்ணன் மட்டும் தன் பட்டையைக் கழற்றி டெம்போ சீட்டில் போட்டுவிட்டு வந்து, கேள்வியோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள். அவரும் ஒரு கை கொடுத்தார். தலைவர் ஒன்றும் நடக்காததுபோல ஊர்வலத்தில் நடந்து, ஜெபமாலையைத் தொடங்கி வைத்தார். கல்லறை வரை எல்லோர் குரலுக்கும் மேலே அவர் குரல்தான் கேட்டது.

அதற்குப் பிறகு பங்கில் அம்மாவுக்குத் 'திமிர் பிடித்தவள்' என்று பெயர் வந்தது. சாவு வீட்டில் சபையை அவமானப்படுத்தியவள். சில பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பள்ளி ஒன்றில் ஆயா வேலைக்குப் போய் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். ஆனாலும் ஞாயிறு பூசையை விடவில்லை. "கோவில் அவரோட அப்பன் வீட்டுதா?" என்பாள். நான் வேலைக்குச் சேர்ந்து, விஷ்ராந்த்வாடியில் வீடு எடுத்து, அம்மாவை அழைத்துக்கொண்டு வந்த பிறகும், தமிழ்ப் பூசைக்கு நாங்கள் கோர்படிக்குத்தான் போனோம். ஒருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது தலைவர் என்னைக் கூப்பிட்டு, புதிதாக வந்திருந்த சாமியாரிடம் அறிமுகம் செய்தார்.

"நம்ம சபைக் குடும்பத்துப் பொண்ணு சாமி. ஐடில பெரிய வேலை. இவங்க அப்பா படுத்திருந்தப்போ கட்டில் குடுத்து எல்லாம் பாத்துக்கிட்டது நாமதான்."

"திருப்பி எடுத்துட்டும் போனீங்க, அங்கிள்" என்றேன்.

பல் தெரியாமல் சிரித்தார். "ரூல்மா" என்றார். அவருக்கு ஒரு கணம்கூட உறுத்தவில்லை என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குற்றவுணர்ச்சியை மறைக்கிற ஒருவரைக்கூட மன்னித்துவிடலாம். இவரிடம் மறைக்க எதுவுமே இல்லை.

சில மாதங்களுக்கு முன்பு அவர் காலமானார். நல்ல வயது, நல்ல சாவு, தன் படுக்கையில், பிள்ளைகள் சூழ. சபையின் இப்போதைய செயலாளர் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர். தலைவருக்கு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். "இங்க பொறந்து வளந்தவங்கள்ல தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க கம்மிக்கா. நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். ஆஸ்பத்திரியில் அவர் இடம் வாங்கிக் கொடுத்தவர்களைப் பற்றியும் எழுதினேன், எங்கள் வாசலில் சிக்கிய கட்டிலைப் பற்றியும் எழுதினேன். செயலாளர் மறுநாளே கூப்பிட்டார். "அக்கா, படிச்சேன். எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. ஆனா மலர்ல எப்படிப் போடறது?" என்று தடுமாறினார். பாவம், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

அம்மாவுக்கு இப்போது கண் பார்வை மங்கல். என்ன எழுதினாய் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள். "எல்லாம் சரிதான். ஒண்ணு மட்டும் தப்பு" என்றாள்.

"என்ன தப்பு?"

"தூக்க வேணாம்னு நான் சொன்னதா எழுதியிருக்க. சொன்ன வாய் என்னோடது. சொல்லச் சொன்னது உங்கப்பா. கட்டிலை எடுத்துட்டுப் போன அன்னைக்கே. நீ வாசல்ல நின்னுட்டிருந்தே. டெம்போ கிளம்பற சத்தம் கேட்டதும் என்னைப் பக்கத்துல கூப்பிட்டார். 'நான் இவங்க தோள்ல போகக்கூடாது. நீ சொல்லணும், சொல்லுவியா'ன்னு கேட்டு, என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டார்."

இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சபைக்குன்னு உழைச்ச மனுஷன் கோபத்தோட செத்தார்னு பேசுவாங்க. என்னைத் திமிர் பிடிச்சவள்னு பேசினா எனக்கென்ன" என்றாள் அம்மா.

அப்பா மேல் எனக்கிருந்த கோபம் அன்று தீர்ந்தது. தலைவர் மேல் இருப்பது தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.