மச்சத்தைக் கூட்டச் சொன்ன ஊர்

மலாயாவுக்கு வந்த மூன்றாம் வருடம், என் தோளில் இருக்கும் மச்சத்தைப் பெரிதாக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் உத்தரவு போட்டார்கள். சிரிக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். பகாங் காட்டுக்குள் ஒரு சின்ன ரயிலடியில் என் வீட்டுக்காரருக்கு வேலை. அங்கிருந்த ஆஸ்பத்திரிக்கு நான் முழுகாமல் இருந்தபோது போனேன். வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் கேட்பதை யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தி எனக்குத் தமிழில் சொல்லுவாள். "மச்சம் உண்டோ, பிள்ளை?" என்றாள். அங்க அடையாளம் பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்து, "இருக்குதுங்க, ஒண்ணே ஒண்ணு, சின்னதுதான்" என்றேன். டாக்டர் புருவத்தை நெரித்துக்கொண்டு நீளமாக ஏதோ பேசினார். "அது காணாதாம். மச்சத்தைக் கூட்டோணுமாம்" என்றாள் நர்ஸ். "அதெப்படிங்க கூட்டறது? பொறந்ததுல இருந்து அவ்வளவுதானுங்களே" என்று சேலையை விலக்கித் தோளைக் காட்டினேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் தமிழில் மச்சம் என்றால் மீனும் கறியுமாம்.

நான் அதையெல்லாம் தொடுவதே இல்லை என்று தெரிந்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. புரோட்டீன் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அது கறியிலும் மீனிலும் முட்டையிலும்தான் இருக்கிறதாம், அது இல்லாமல்தான் நான் இப்படி வெளுத்துப் போயிருக்கிறேனாம். முதல் பிள்ளை தங்காததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். அந்தப் பேச்சு என்னை அறுத்துவிட்டது. மூத்தவன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தான். ஒருதரம் அழுதான், அவ்வளவுதான். இங்கேயே ஆற்றங்கரை மேட்டில் புதைத்தோம். அவனை என் சோற்றுத் தட்டுதான் கொன்றது என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாய்க்குத் தாங்கும்? அடுத்த மாதம் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து மாட்டிறைச்சிச் சாறு கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் கறி தின்கிற வீடும் உண்டு, தின்னாத வீடும் உண்டு. எங்களுடையது தின்னாத வீடு. என் அண்ணன்மார் விடிவதற்கு முன்னே கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கத் தொடங்கினால், மாடுகள் களைத்து நிற்குமே தவிர அவர்கள் களைக்க மாட்டார்கள். ஏழு பெற்று ஏழையும் வளர்த்தவள் என் அம்மா. எங்களுக்கெல்லாம் சத்து எங்கிருந்து வந்தது? யோசிக்க யோசிக்க எனக்கே விளங்கியது. ஊரில் கம்மஞ்சோறு, ராகிக்களி. தொட்டுக்கொள்ளக் கடைந்த கொள்ளு, இல்லாவிட்டால் தட்டைப்பயிறு, அவரைக்கொட்டை. ஒருவேளைச் சோறாவது பயறு இல்லாமல் இறங்கியதில்லை. நெல்லுச்சோறு பொங்கல், நோம்பி நொடிக்குத்தான். இங்கே வந்தபின் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம். மகாராணி போல் சாப்பிடுகிறேன் என்று அம்மாவுக்கு எழுதியும் போட்டேன். டாக்டர் சொன்ன நோய் சரிதான், மருந்துதான் அவர் ஊர் மருந்து. எனக்கு வேண்டியது கொள்ளு.

எங்கள் ரயிலடிக் கடையில் கொள்ளு கிடையாது, கேட்பார் இல்லையாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காத்திஜா என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். பயறுக்கு மலாயில் கச்சாங், குதிரைக்குக் கூடா என்பது மட்டும் எனக்குத் தெரியும். குதிரை தின்பது கொள்ளுதானே, இதில் என்ன கஷ்டம் என்று, "கச்சாங் கூடா" என்று தைரியமாகக் கேட்டேன். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு ஒரு கூடையைக் காட்டினார். கூடை நிறையக் கொண்டைக்கடலை! இந்த ஊரில் அதற்குப் பேரே குதிரைப்பயறுதானாம். மலாய்க் குதிரை எங்கள் ஊர்க் குதிரையை விட வசதியானது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே ஒரு பை வாங்கினேன். காத்திஜா தன் பங்குக்குப் பச்சைப்பயிறும் நிலக்கடலையும் எடுத்துப் பையில் போட்டாள்.

அன்றிலிருந்து என் அடுப்பு திருச்செங்கோட்டு அடுப்பானது. கடலையை இராத்திரி ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, வெந்த தண்ணீரை இறுத்துச் சீரகம், மிளகு தட்டிச் சாறு வைப்பேன். கடலையைக் கொள்ளு மாதிரியே மத்தால் கடைந்து சோற்றில் பிசைவேன். பச்சைப்பயிறு ஒரு நாள், பாலும் தயிரும் எல்லா நாளும். எண்ணி ஒரு மாதம் கழித்துத் தராசில் ஏறி நின்றேன். முள் நகர்ந்த நகர்ச்சியைப் பார்த்து டாக்டர் என்னை இறங்கி மறுபடியும் ஏறச் சொன்னார். "மச்சம் தொடங்கினனீரோ?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை, குதிரைப்பயறு என்றேன். அவள் அதை எப்படிச் சொன்னாளோ, டாக்டர் கூட வந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் மனுஷன் நடுங்கிப்போனார். முழுகாமல் இருக்கிற பெண்டாட்டிக்குக் குதிரைத் தீவனம் போடுகிறாயா என்று கேட்டாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் குதிரை கறி தின்னா வளந்துச்சுன்னு கேளுங்க" என்றேன். நர்ஸ் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். கேட்டதும் டாக்டரும் சிரித்துவிட்டார். மாட்டிறைச்சிச் சாற்றுப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மகள் மாதம் நிறைந்து பிறந்தாள். கத்திய கத்தலில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரே அவளைக் கையில் வாங்கிக் கனம் பார்த்துவிட்டு, "குட், குட்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கடல் கடந்து வந்து எங்கள் பயறு ஜெயித்த மாதிரி இருந்தது. புலால் தின்னாத பெண்கள் யாராவது இங்கே கப்பலேறி வருவதானால் பயப்படவேண்டாம். சந்தையில் கச்சாங் என்று கேளுங்கள், வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பாதீர்கள்.

போன மாசியில் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் முடியெடுக்க ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கடைந்த கொள்ளை அவள் வழித்து வழித்துத் தின்றாள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, "மலாயாத் தண்ணி நல்லாத்தான் ஒட்டியிருக்குது. ஏஞ்சாமி, இந்த ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க. மூத்தவன் அங்கயே இருக்கறானுங்க" என்று என் வாயில் வந்துவிட்டது.

"அடி ஆத்தா! பச்சப்புள்ளய உட்டுப்போட்டா வந்தே? ஆரு பாத்துக்கறாங்க?"

"பக்கத்து ஊட்டு அக்கா பாத்துக்கறாங்க" என்றேன். அது பொய்யில்லை. நான் கப்பலேறப் புறப்பட்டபோது, ஆற்றங்கரை மேட்டில் புல் மண்டாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று காத்திஜா சொல்லியிருந்தாள்.