கோரைப் பள்ளத்து மண்

கொள்ளிடம் பெருகி வடிந்தால் வண்டல் தங்கும் பள்ளத்தில் நாங்கள் கோரை அறுப்போம். எழுபதுகளின் கடைசியில் அந்த மண்ணைச் சோதிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. மண்ணைக் கிள்ளி முன்பல்லில் கடித்துப் பார்ப்பார். நறநறவென்றால் மணல், வழுக்கினால் களி.

மணல் என்று அவர் சொல்லிவிட்டால் பள்ளத்தைத் தோண்டி அள்ளிவிட ஒரு காண்டிராக்டர் காத்திருந்தார். எங்களுக்குக் கோரை போய்விடும். காண்டிராக்டர் மணலாய் இருந்த கரைமேட்டு மண்ணை நீட்டினார். "இதையே எடுத்துக்கங்க. உள்ள எறங்குனா சேறு இழுத்துடும்."

"மேட்டு மண்ணு பள்ளத்து மண்ணாயிடுமாங்க?" என்று கேட்டபடியே அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, இடுப்பளவுச் சேற்றில் இறங்கினார். அடிமண்ணை எடுத்துக் கடித்தார். "களிதாங்க. கொஞ்சம் காக்காப்பொன், அதான் மைக்காத் தூளு, மினுக்குது, அவ்வளவுதான்."

"பொம்பள பல்லு சொல்றதுதான் சட்டமா?" காண்டிராக்டர் சிரித்தார்.

"அப்ப நீங்க கடிச்சுச் சொல்லுங்க."

அவர் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். ஆண்கள் இருக்கும் பக்கமே நிமிர்ந்து பார்க்காத நான் போய் அந்தச் சேற்றை வாங்கிக் கடித்தேன். "நறநறன்னு இல்லீங்க," என்று காண்டிராக்டர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

பள்ளத்தில் யாரும் மணல் அள்ளவில்லை. அந்த அம்மா அன்று என்னைப் பாராட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. நான் பேசியதை நடக்கவேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விட்டார். அதை நினைத்தால் இன்றும் என் முதுகு நிமிர்கிறது.