உறைக்குள் சேர்த்த மரத்தூள்

அமெரிக்கா தனி நாடாவதற்கு முன், அதன் பெரிய தலைவர்களில் ஒருவர் லண்டனில் பல வருடங்கள் வாடகைக்கு இருந்தார். அவர் இருந்த வீட்டை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே நான் காவல் வேலை பார்க்கிறேன். உள்ளே மேசை, கட்டில் என்று தளபாடம் பெரிதாக எதுவும் இல்லை. சுவர்ப் பலகையும் தரையும் படிக்கட்டும்தான் காட்சிப்பொருள். அவர் பிடித்து இறங்கிய கைப்பிடி இது என்று சொன்னால் போதும், பார்க்க வந்தவர்கள் தடவக் கையை நீட்டுவார்கள். தடவவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒருமுறை ஒரு பயணி சாவியால் பலகையைச் சுரண்டி, ஒரு சிராயைக் கைக்குட்டைக்குள் மடித்து வைத்ததைப் பிடித்தேன். மிகவும் மரியாதையான மனிதர். ஞாபகத்துக்காக எடுத்தேன் என்றார். அன்றிலிருந்து யாருடைய முகத்தையும் நான் நம்புவதில்லை, கையைத்தான் பார்ப்பேன். என் வீட்டுக்குப் பக்கத்தில், ரெய்னர்ஸ் லேன் கடையில் மரக்கறி வாங்கும்போதும் பக்கத்தில் நிற்பவரின் கை எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். வீட்டில் மனைவி ஏசுவாள்.

போன வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு துப்புரவுப் பணியாளர் வந்தார். மன்னார்ப் பெண், லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் இருந்து வருபவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் முதல் நாளே “அண்ணை” என்று கூப்பிட்டார். வீடு திறப்பதற்கு முன் கூட்டித் துடைத்துவிட்டு, கீழே சமையலறையில் என்னோடு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

கோடை தொடங்கிய சமயம், எங்கள் முகாமையாளரான வெள்ளைக்காரப் பெண்மணி மேல்மாடிப் படியில் விரலை வைத்துப் பார்த்தார். விரலில் மஞ்சளாக மெல்லிய தூள். துப்புரவுப் பெண்ணைக் கூப்பிட்டு, இங்கே கூட்டுவதில்லையா என்று கேட்டார்.

“தினமும் கூட்டுகிறேன். அது திரும்பக் கொட்டுகிறது” என்று அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

முகாமையாளர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற நானும் நம்பவில்லை. தூசி எப்படித் தானாகக் கொட்டும்?

அடுத்த திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட வேளைக்கே வந்துவிட்டேன். மேலே ஏறும்போது அந்தப் பெண் படியில் முழங்காலிட்டிருப்பதைக் கண்டேன். படிக்கு அடியில் எதையோ ஒரு அட்டையால் வழித்து, ஒரு கடித உறைக்குள் போட்டு, தன் கைப்பைக்குள் வைத்தார். நான் சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

“என்ன அண்ணை, இண்டைக்கு வேளைக்கு?” கீழே வந்து சிரித்தார்.

“ஓம், ரயில் கெதியா வந்திட்டுது.”

அவர் போன பிறகு அந்தப் படியைக் குனிந்து பார்த்தேன். ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள். குத்தித்தான் எடுக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு தலைவரின் வீட்டு மரத்துக்கு விலை கொடுக்க ஆள் இருக்கும். செவ்வாயும் பார்த்தேன், புதனும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஓர் உறை. அவர் ஊற்றித் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டே அவருடைய பையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முகாமையாளரிடம் சொன்னேன்.

உடனே அந்தப் பெண்ணை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க என்னையும் நிற்கச் சொன்னார்கள். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு தைரியம் வந்தது. தனக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“அண்ணை, இவ ஏன் என்ர பையைத் திறக்கச் சொல்றா?”

“திறந்து காட்டுங்கோ” என்றேன்.

சாப்பாட்டுப் பெட்டி, செபமாலை, ஐந்து உறைகள். ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதியிருந்தது.

“மரம் உளுத்துப்போச்சு எண்டு இவவுக்குச் சொல்லுங்கோ அண்ணை. நான் கூட்டேல்லை எண்டெல்லோ சொன்னவ. ஒரு நாளைக்கு எவ்வளவு கொட்டுது எண்டு காட்டத்தான் சேர்த்து வைச்சனான். இண்டைக்குக் குடுப்பம் எண்டிருந்தனான்.”

அந்த வார்த்தைகளை நான்தான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருந்தது. ஊரில் உளுத்த மரத்தை எத்தனை தரம் பார்த்தவன் நான். அந்த வீட்டில் எனக்கு வண்டு நினைவுக்கு வரவில்லை, கள்ளர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அடுத்த வாரம் மர நிபுணர் வந்து பார்த்தார். படிக்கு அடியில் வண்டு அரித்திருந்தது, இன்னும் விட்டிருந்தால் கைப்பிடி வரைக்கும் போயிருக்கும் என்றார். மேல்மாடியை மூடி மருந்தடித்தார்கள். முகாமையாளர் துப்புரவுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை.

காட்டிக்கொடுத்தவர் இவர்தான் என்று அந்தப் பெண் தானாகவே ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டார். நுழைவாயிலில் டிக்கெட் கொடுக்கும் வயதான ஆங்கிலேயப் பெண்மணி.

“அந்த மனிசிதான் அண்ணை. எந்த நேரமும் என்னைப் பாத்தபடி. இனி அவவோட எனக்குக் கதை இல்லை.”

நான் அவருக்கு இன்னொரு தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அந்தப் பெண்மணிக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்மணி என்னிடம் வந்து, தான் ஏதும் தவறாகப் பேசிவிட்டேனா என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் சமையலறையில் சொன்னேன். “தங்கச்சி, அந்த மனிசியில பிழையில்லை. சொன்னது நான்தான்.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை.”

“பகிடி இல்லை.”

கோப்பையைக் கீழே வைத்தார். “முகாமையாளருக்கு என்னைத் தெரியாது, சரி. உங்களுக்குமோ? ஒரு வார்த்தை என்னட்டைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டால் பொய் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சனான்.”

அது உண்மை. ஆனால் சொன்ன பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பட்டது. அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். போகும்போது டிக்கெட் மேசைக்கு முன் நின்று, அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அதன் பிறகு பல வாரம் நான் தனியாகத்தான் தேநீர் குடித்தேன்.

இலையுதிர் காலத்தில், வண்டு திரும்ப வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை எல்லாப் படிகளையும் பார்க்கும் பொறுப்பை முகாமையாளர் அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார். முதல் தடவை பார்க்கும்போது மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

“கொஞ்சம் வாறீங்களே? டோர்ச் பிடிக்க ஆள் வேணும்.”

ஏறிப் போனேன். வெளிச்சத்தைச் சரித்துப் பிடிக்கச் சொன்னார்.

“ஓட்டைக்குள்ள வெளிறியிருந்தால் புதுசு. கறுத்திருந்தால் பழசு. வடிவாப் பாருங்கோ.”

பார்த்தேன். எல்லாம் கறுத்திருந்தன.

“சரி, அடுத்த படி” என்றார்.